தொலைபேசியில் மருத்துவம், நேரில் மருத்துவம்: பெருந்தொற்றுக் காலத்து வன்னியில் எவருக்கு எது எட்டியது?

2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை 6 மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இடைக்கிடை தளர்த்தப்பட்டாலும் மே மாதம் வரை மாவட்டம் விட்டு மாவட்டம் போவதும், கிளினிக் நாளன்று வைத்தியசாலைக்குப் போவதும் இலகுவான காரியங்களாக இருக்கவில்லை. 2021 மே 21 முதல் ஒரு மாதம் பயணத்தடை வந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 20 முதல் ஒக்ரோபர் 1 வரை மீண்டும் ஊரடங்கு. இந்த மூன்று காலங்களிலும் சுகாதாரத் துறை நாட்பட்ட நோயாளர்களிடம் கேட்டுக்கொண்டது ஏறத்தாழ ஒன்றுதான்: அவசரமில்லாவிட்டால் வைத்தியசாலைக்கு வரவேண்டாம், முதலில் தொலைபேசியில் பேசுங்கள்.

மருத்துவ நோக்கில் இது நியாயமான கோரிக்கை. நெரிசலான வெளிநோயாளர் பிரிவு தொற்று பரவுவதற்கு மிக வசதியான இடம். நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் உள்ளவர்களையே கொவிட்-19 கூடுதலாகக் கொன்றது. கிளினிக் வரிசையில் நிற்பவர்களும் அவர்களே. ஆனால் ‘தொலைபேசியில் பேசுங்கள்’ என்ற சொல் எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்தவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் அந்தச் சொல் சிலருக்கு நிம்மதியாகவும் சிலருக்குக் கதவடைப்பாகவும் அமைந்தது. அந்த வேறுபாட்டுக்கு வயதும் பணமும் மட்டும் காரணங்களல்ல. போர் உடலிலும் மனதிலும் விட்டுச்சென்றவையும் காரணங்களாக இருந்தன.

வன்னியின் மருத்துவ வரைபடம்

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சியில் ஏறத்தாழ 1 இலட்சத்து 13 ஆயிரம் பேரும், முல்லைத்தீவில் 92 ஆயிரம் பேரும், வவுனியாவில் 1 இலட்சத்து 72 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். முல்லைத்தீவில் அப்போது ஒரு சதுர கிலோமீற்றருக்கு 40 பேர்கூட இருக்கவில்லை. நாட்டிலேயே சனத்தொகை அடர்த்தி மிகக் குறைந்த மாவட்டம் அதுதான். சனம் ஐதாக வாழும் இடத்தில் வைத்தியசாலையும் தூரம், பஸ்ஸும் குறைவு.

இந்த மூன்று மாவட்டங்களிலும் ஒவ்வொரு மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. அவற்றுக்குக் கீழே புதுக்குடியிருப்பு, மல்லாவி, மாங்குளம், செட்டிகுளம் போன்ற ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. அவற்றுக்கும் கீழே பூநகரி, அக்கராயன், தர்மபுரம், நெடுங்கேணி போன்ற ஊர்களின் பிரதேச வைத்தியசாலைகளும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளும் வருகின்றன. இவற்றுக்குச் சமாந்தரமாக, நோய்த்தடுப்புக்கென சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இயங்குகின்றன. குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அந்தப் பணிமனைகளைச் சேர்ந்தவர்கள். வீட்டு வாசலுக்கு வரும் அரச மருத்துவம் என்றால் வன்னிச் சனத்துக்கு இவர்கள்தான்.

மல்லாவியில் இருப்பவர் முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போவதானால் முதலில் மாங்குளம் வரவேண்டும். அங்கிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர் போகவேண்டும். கூலி வேலை செய்பவருக்கு அது ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும். சாதாரண காலத்திலேயே தொலைபேசி மருத்துவத்தால் அதிக நன்மை பெறக்கூடிய நிலம் வன்னி என்று இதிலிருந்து தோன்றும். ஓரளவு உண்மையும் அதுதான். ஆனால் தூரத்தில் இருப்பவரிடம்தான் தொலைபேசி வசதியும் குறைவாக இருக்கிறது. காட்டோரக் குடியேற்றங்களில் ‘சிக்னல்’ கிடைக்கும் இடம் தேடி வீதிக்கு வரவேண்டிய நிலை இன்றும் உண்டு. போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்குக் கைத்தொலைபேசி வலையமைப்பு எட்டவேயில்லை. 2009 க்குப் பிறகுதான் அது பரவலானது. தென்னிலங்கை படிப்படியாகப் பழகிய ஒன்றை வன்னி முதியவர்கள் பத்தாண்டுகளுக்குள் பழகவேண்டியிருந்தது.

தொலைபேசி வழி எவ்வாறு இயங்கியது?

இலங்கையில் தொலைபேசி மருத்துவம் என்ற பெயரில் ஒரே சேவை இருக்கவில்லை. வெவ்வேறு நோக்கங்கொண்ட பல வழிகள் அருகருகே இயங்கின.

முதலாவது, மருந்து விநியோகம். 2020 ஊரடங்கின்போது அரச வைத்தியசாலைக் கிளினிக்குகளில் பதிவான நாட்பட்ட நோயாளர்களுக்கு வழமையான மருந்துகளை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் சுகாதார அமைச்சு செய்தது. அஞ்சல் திணைக்களமும் அதில் இணைந்தது. நோயாளி தொலைபேசியில் அழைத்துத் தன் கிளினிக் விவரத்தைச் சொல்லவேண்டும், மருந்துப் பொதி வீட்டுக்கு வரும். உண்மையில் இது மருத்துவ ஆலோசனை அல்ல, பழைய மருந்தைத் தொடரும் ஒழுங்கு.

இரண்டாவது, தகவல் இலக்கங்கள். சுகாதார மேம்பாட்டுப் பணியகத்தின் 1999, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்பன இவ்வகை. 2021 நடுப்பகுதியில், வீட்டில் வைத்துப் பராமரிக்கப்படும் கொவிட் நோயாளர்களுக்காக 1390 என்ற இலக்கமும் சேர்ந்தது. மூன்றாவது, 1990 ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ். இந்திய உதவியுடன் தொடங்கிய இச்சேவை 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது.

நான்காவது, தனியார் செயலிகளும் காணொளி ஆலோசனைகளும். கொழும்பை மையமாகக் கொண்ட இவற்றுக்கு நல்ல இணையமும் வங்கி அட்டையும் வேண்டும். ஐந்தாவது, எந்தப் பதிவிலும் வராத ஒன்று. தெரிந்த வைத்தியருக்கோ தாதிக்கோ ‘வட்ஸ்அப்’பில் மருந்துத் துண்டின் படத்தை அனுப்பிக் கேட்பது, கனடாவிலோ லண்டனிலோ உள்ள உறவினர் மூலம் அங்குள்ள தமிழ் வைத்தியரிடம் பேசுவது. புலம்பெயர்ந்த உறவு இருந்த வீட்டில் நல்ல கைபேசியும் ‘டேட்டா’வும் இருந்தன, கேட்பதற்கு ஆளும் இருந்தது. அடுத்த வீட்டில் மூன்றும் இல்லாமல் இருக்கலாம். ஒரே ஒழுங்கையில் இரண்டு வகை மருத்துவம் நடந்தது.

உலகம் கண்டறிந்தவை

நோயாளர்களில் எவர் தொலைபேசியை நாடுகிறார், எவர் நேரில் போகிறார் என்ற கேள்வியை ஆராய்ந்த ஆய்வுகள் பல. அமெரிக்காவின் வட கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே மருத்துவக் கட்டமைப்பின் 11 இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர்களின் 2016 – 2018 காலப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2020 இல் வெளியானது. ஒரே வைத்தியரையே நேரிலோ தொலைவிலிருந்தோ பார்க்கும் வாய்ப்பு இருந்தபோது 14 வீதமான சந்திப்புகளே தொலைவழியில் நடந்தன. 65 வயதைத் தாண்டியோர் தொலைவழியைத் தெரிவது குறைவாக இருந்தது. வைத்தியசாலைக்கு நேரில் போவதில் தடைகள் இருந்தவர்கள் அதைக் கூடுதலாகத் தெரிந்தனர். இணைய வசதி குறைந்த பகுதியினர் காணொளியைத் தவிர்த்தனர்.

பெருந்தொற்று தொடங்கியபின் தெரிவு குறைந்தது, வேறுபாடு கூடியது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவக் கட்டமைப்பில் 2020 மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே வரை ஏறத்தாழ 1 இலட்சத்து 48 ஆயிரம் நோயாளர்களைப் பார்த்த ஆய்வில், முதியவர்களும் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுவோரும் தொலைவழிச் சந்திப்பை நிறைவுசெய்வது குறைவாக இருந்தது. நிறைவுசெய்தவர்களிலும் பெண்களும், கறுப்பினத்தவரும், வருமானம் குறைந்த பகுதியினரும் காணொளியை விடச் சாதாரண தொலைபேசி அழைப்பிலேயே தங்கிநின்றனர். இங்கிலாந்தில் பெருந்தொற்றுக்கு முன் குடும்ப வைத்தியருடனான சந்திப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு நேரில் நடந்தன. 2020 ஏப்ரலில் அது பாதிக்கும் கீழே இறங்கியது.

இந்த நாடுகளுக்கும் வன்னிக்கும் இடையே ஒரு அடிப்படை வேறுபாடு உண்டு. அங்கே நோயாளி ஒரு குடும்ப வைத்தியரிடம் பதிவாகியிருக்கிறார். வைத்தியரின் கணினியில் நோயாளியின் முழு வரலாறும் இருக்கிறது. தொலைபேசி ஒலிக்கும்போது மறுமுனையில் இருப்பவருக்கு இவர் யார் என்பது தெரியும். எங்கள் அரச கிளினிக்குகளில் அந்த வரலாறு பெரும்பாலும் நோயாளியின் கையில் உள்ள கிளினிக் கொப்பியில் இருக்கிறது. கொப்பி வீட்டில், வைத்தியர் வைத்தியசாலையில். தொலைபேசியில் பேசும்போது வைத்தியரிடம் எழுத்து எதுவும் இல்லை. கொப்பியை வாசித்துச் சொல்லத் தெரிந்தவருக்கே மறுமுனையிலிருந்து பயனுள்ள பதில் வரும். மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, கடைசியாகப் பார்த்த சீனி அளவு எல்லாம் கொப்பியில் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் வாசித்துச் சொல்லும். தனித்து வாழும் முதிய தாய் என்ன செய்வார்? ‘சிவப்பு நிறக் குளிசை, காலையில் ஒன்று’ என்பதுதான் அவருக்குத் தெரிந்த விவரம்.

எவருக்கு எட்டியது, எவருக்கு எட்டவில்லை

முதலில் தொலைபேசி யாருடையது என்பதைப் பார்க்கவேண்டும். ஒரு வீட்டில் ஒரு கைபேசி என்றால் அது பெரும்பாலும் வேலைக்குப் போகிறவரோடு போய்விடும். 2020 இலும் 2021 இலும் பாடசாலைகள் மூடப்பட்டபோது அதே கைபேசி பிள்ளையின் வகுப்பறையாகவும் மாறியது. போரில் கணவரை இழந்தோ, காணாமலாக்கப்பட்டவருக்காகக் காத்திருந்தோ குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் வன்னியில் அதிகம். அவர்களிடம் கைபேசி இருந்தாலும் ‘ரீலோட்’ செய்யக் காசு இருக்கும் என்பதில்லை. வைத்தியசாலையின் ஒற்றைத் தொலைபேசி இணைப்பு எந்நேரமும் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போது, திரும்பத் திரும்ப அழைப்பதற்குப் பொறுமை மட்டும் போதாது.

மொழி அடுத்தது. வன்னியின் வைத்தியசாலைகளில் தென்னிலங்கையிலிருந்து வந்து கடமையாற்றும் வைத்தியர்கள் பலர். அவர்களின் சேவை பெறுமதியானது. நேரில் பார்க்கும்போது பக்கத்தில் நிற்கும் தாதியோ சிற்றூழியரோ மொழிபெயர்க்கிறார். நோயாளி கையைக் காட்டுகிறார், வயிற்றைத் தொட்டுக் காட்டுகிறார், முகம் சுளிக்கிறார். தொலைபேசியில் இவை எதுவும் இல்லை. ‘நெஞ்சு பட படக்குது’, ‘தலை கிறுகிறுக்குது’, ‘மூச்சு முட்டுது’ என்பவை தமிழில் மூன்று வெவ்வேறு வருத்தங்கள். வேறு மொழியில் கேட்பவருக்கு மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடலாம்.

மூன்றாவது, போரின் காயங்கள். இதில் தொலைபேசி இருபக்கமும் வெட்டியது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் செயற்கைக் கால் போட்டவருக்கும் பஸ் ஏறி, வரிசையில் நின்று, மருந்து எடுத்துத் திரும்புவது சாதாரண நாளிலேயே பெரும் பாடு. மருந்து வீட்டுக்கு வருவதென்றால் அவர்களுக்கு அது பெருந்தொற்றில் கிடைத்த ஒரே நல்ல காரியம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவரின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் குளிசை தவறுவதல்ல, படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். படுக்கைப் புண் முதுகின் கீழே, உணர்ச்சி இல்லாத இடத்தில் வரும். அதை அவர் பார்க்கவும் முடியாது, உணரவும் முடியாது. உணராத ஒன்றைத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது? மருந்து கட்டும் தாதி கண்ணால் பார்த்தால்தான் அது தெரியும்.

செல்வீச்சுக்கு அருகில் இருந்தவர்களில் செவிப்பறை பாதிக்கப்பட்டுக் கேள்தன்மை குறைந்தோர் உண்டு. முகத்தைப் பார்த்தால் உதட்டசைவிலிருந்து பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். தொலைபேசியில் அது நடக்காது. நேரிலும் முகக்கவசம் உதட்டை மறைத்தது. உடலில் உலோகச் சிதறல்களோடு வாழ்பவர்களுக்குப் பழைய இடத்தில் புதிதாக ஒரு வலி வந்தால் கையால் தொட்டுப் பார்த்து, தேவையானால் எக்ஸ்ரே எடுத்துத்தான் முடிவுசெய்யவேண்டும். ‘பழைய வலிதானே, பனடோல் போடுங்கோ’ என்ற தொலைபேசிப் பதில் பலநேரம் சரியாக இருக்கலாம். எந்த நேரம் தவறாகும் என்பதைத் தொலைபேசி சொல்லாது.

நான்காவது, மனம். 1926 போன்ற இலக்கங்கள் அவசர நேரத்தில் உயிர் காப்பவை. நள்ளிரவில் பேச ஒரு குரல் இருப்பது பெரிய விடயம். ஆனால் இரண்டு அறைகள் உள்ள வீட்டில் எல்லோரும் ஊரடங்கில் அடைபட்டிருக்கும்போது, மனைவி தன் துயரத்தை யாருக்கும் கேட்காமல் எங்கிருந்து பேசுவார்? அந்தத் துயரத்துக்குக் காரணமானவர் பக்கத்திலேயே இருந்தால்? கிளினிக் நாள் என்பது பல பெண்களுக்கு மருந்துக்கான நாள் மட்டுமல்ல. வீட்டை விட்டு வெளியே வந்து, மதிக்கும் ஒருவரிடம் நாலு வார்த்தை பேசக் கிடைக்கும் ஒரே நாள். மாதம் ஒருமுறை ஊசி மருந்து ஏற்றவேண்டிய தீவிர மனநோயாளர்களின் நிலை இன்னும் கடினம். குளிசையை அஞ்சலில் அனுப்பலாம், ஊசியை ஒரு தாதிதான் ஏற்றவேண்டும்.

அழைப்பது யார் என்ற அச்சம்

ஐந்தாவது காரணம் வேறு நாடுகளின் ஆய்வுகளில் அரிதாகவே வருவது. எங்கள் பக்கத்தில் அது மறைக்க முடியாதது. புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளிகளுக்கும், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களுக்கும் தெரியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது புலனாய்வாளர்தான். ‘எங்கே இருக்கிறீர்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கடந்த வாரம் எங்கே போனீர்கள்’ என்பவை தொற்றுத் தடமறியும் சுகாதார உத்தியோகத்தர் கேட்கவேண்டிய கேள்விகள். அதே கேள்விகளை வேறு குரலில் ஆண்டுக்கணக்காகக் கேட்டவர்களுக்கு அவை சுகாதாரக் கேள்விகளாக ஒலிக்கவில்லை.

இந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று சொல்வதற்கு அரசும் இடம் வைக்கவில்லை. கொவிட்-19 பரவலைத் தடுக்கும் தேசிய செயற்பாட்டு மையத்துக்குத் தலைமை வகித்தவர் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. இறுதிப் போரில் வன்னியில் முன்னேறிய 58 ஆவது படைப்பிரிவின் தளபதியும் அவரே. பாரிய மனித உரிமை மீறல்களில் தொடர்பு என்ற காரணத்தைச் சொல்லி 2020 பெப்ரவரியில் அமெரிக்கா அவருக்குப் பயணத்தடை விதித்திருந்தது. கேப்பாப்பிலவு விமானப்படைத் தளத்திலும் வவுனியா பம்பைமடுவிலும் தனிமைப்படுத்தல் நிலையங்களைப் படையினரே நடத்தினர். 2021 மே மாதம், முள்ளிவாய்க்கால் நினைவு நாளை ஒட்டிய நாட்களில், முல்லைத்தீவு, முள்ளியவளை, புதுக்குடியிருப்புப் பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. தொற்று உண்மையாகவே பரவியிருந்தது. ஆனால் சனத்தின் நினைவில் இரண்டும் ஒன்றாகவே பதிந்தன.

முஸ்லிம் மக்களுக்கு இன்னொரு அச்சம் இருந்தது. கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்படவேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலில் வந்து 2021 பெப்ரவரி இறுதியில்தான் நீக்கப்பட்டது. அந்தப் பத்து மாதங்களில், காய்ச்சல் என்று ஒரு இலக்கத்துக்கு அழைத்தால் அது எங்கே போய் முடியும் என்ற கேள்வி வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் உள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு வெறும் கற்பனையாக இருக்கவில்லை.

இவற்றின் விளைவு மருத்துவ ரீதியில் எளிமையானது. காய்ச்சலை மறைத்தவர் கொவிட்டை மட்டும் மறைக்கவில்லை. வயலில் இறங்கும் வன்னியில் காய்ச்சல் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மழைக்குப் பின் டெங்குவாக இருக்கலாம். இரண்டுக்கும் நேரத்தோடு குருதிப் பரிசோதனை வேண்டும். இரண்டும் பிந்தினால் உயிரைக் குடிக்கும்.

இடையில் நின்ற மனிதர்கள்

தொலைபேசிக்கும் நோயாளிக்கும் இடையிலிருந்த பள்ளத்தை வன்னியில் பலவேளை நிரப்பியது தொழில்நுட்பமல்ல, ஆள்தான். குடும்பநல உத்தியோகத்தருக்குத் தன் பிரிவில் எந்த வீட்டில் கர்ப்பவதி இருக்கிறார், எந்த வீட்டில் எடை குறைந்த பிள்ளை இருக்கிறது என்பது தெரியும். அவரின் இலக்கம் தாய்மாரின் கைபேசியில் பெயரோடு பதிந்திருக்கிறது. அது தெரியாத இலக்கம் அல்ல. கிராம அலுவலரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், மருந்துப் பொதியைக் கொண்டுவந்த தபால்காரரும் அப்படியே. தெரிந்த ஆளின் குரல் கேட்டபோது தொலைபேசி மருத்துவக் கருவியாயிற்று. தெரியாத குரல் கேட்டபோது அது வெறும் கருவியாகவே நின்றது.

தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5 ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதே பாடத்தைத் திட்டமாக்கியது. பயிற்சி பெற்ற பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் குருதியமுக்கமும் சீனியும் பார்த்து, தொடர் மருந்தைக் கையில் கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவருக்கு வீட்டிலேயே பராமரிப்பும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் கிடைக்கின்றன. இந்திய அரசு 2020 மார்ச் 25 இல் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டியும் கவனிக்கத்தக்கது. முதன்முறை பார்க்கும் நோயாளிக்கும் ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்கும் தொலைவிலிருந்து எந்தெந்த மருந்தை எழுதலாம் என்பதை அது வேறுபடுத்தியது. போதைப் பழக்கத்தை உண்டாக்கக்கூடிய சில மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதவே கூடாது என்றும் விதித்தது.

எதற்குத் தொலைபேசி போதும், எதற்கு நேரில் போகவேண்டும்?

பெருந்தொற்று ஓய்ந்தாலும் வைத்தியசாலைக்குப் போகமுடியாத நாட்கள் வன்னிக்குப் புதியவையல்ல. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவை மூழ்கடித்த வெள்ளத்திலும், 2022 எரிபொருள் தட்டுப்பாட்டிலும் அதே நிலை வந்தது. ஆகையால் பின்வருவனவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தொலைபேசியில் பேசிக்கொள்ளக்கூடியவை: நீரிழிவு, குருதியமுக்கம், கொலஸ்ட்ரோல், தைரொய்ட், தொய்வு போன்றவற்றுக்கு மாற்றமில்லாத பழைய மருந்தைத் தொடர்வது, பரிசோதனை முடிவை விளங்கிக்கொள்வது, மருந்தால் வந்த சிறு உபாதைகளைக் கேட்பது, அடுத்த கிளினிக் திகதியை உறுதிசெய்வது, இலேசான தடிமன், இருமல்.

நேரிலேயே பார்க்கவேண்டியவை: ஆறாத புண், குறிப்பாக நீரிழிவு உள்ளவரின் காலில், படுக்கைப் புண், பழைய காயத்தில் வீக்கமோ சீழோ, இரண்டு நாளைக்கு மேற்பட்ட காய்ச்சல், கர்ப்பகாலக் கிளினிக், பிள்ளைகளின் தடுப்பூசி, ஊசி மருந்து, குருதியை இளக்கும் மருந்து எடுப்போரின் குருதிப் பரிசோதனை, புதிதாக வந்த எந்த வலியும்.

1990 ஐ உடனே அழைக்கவேண்டியவை: நெஞ்சுவலி; மூச்செடுக்க முடியாமை; முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல், பேச்சுக் குழறுதல்; வலிப்பு நிற்காமை; பாம்புக்கடி; கர்ப்பவதிக்கு இரத்தப்போக்கு, கடும் தலைவலி அல்லது பிள்ளையின் அசைவு குறைதல்; நஞ்சருந்துதல்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவரின் வீட்டார் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே காயம் உள்ளவருக்குத் திடீரெனத் தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டினால் அது ஆபத்தான குருதியமுக்க உயர்வாக இருக்கலாம். உடனே நிமிர்த்தி இருத்துங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைபட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். காத்திருக்காமல் அம்புலன்ஸை அழையுங்கள்.

எல்லோரும் செய்து வைக்கக்கூடிய இலகுவான காரியம் ஒன்று உண்டு. கிளினிக் கொப்பியின் கடைசி இரண்டு பக்கங்களையும், மருந்துப் பைகளில் எழுதியுள்ளதையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். கைபேசி இல்லாதவர் ஒரு கடதாசியில் தமிழில் எழுதுவித்து வைக்கலாம். அதில் கிளினிக் இலக்கம், நோயின் பெயர், மருந்தும் அளவும், ஒவ்வாத மருந்து, உடலில் உலோகச் சிதறலோ தகடோ இருக்கிறதா என்ற விவரம் இருக்கட்டும். சிதறல் உள்ளவர் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அடுத்தமுறை தொலைபேசியில் பேசும்போது மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் வரலாறு ஓரளவாவது கிடைக்கும்.

அடுத்த முறைக்கு முன்

உலக வங்கியின் 20 கோடி அமெரிக்க டொலர் கடனுதவியுடன் 2018 இல் தொடங்கிய ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு வலுவூட்டல் திட்டம் பிரதேச வைத்தியசாலைகளை மக்களின் முதல் வாசலாக்குவதை நோக்கமாகக் கொண்டது. வன்னியில் அந்த வாசலுக்கு வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் தமிழில் பதிலளிக்கும் ஒருவர் குறித்த நேரத்தில் எடுக்கும் தொலைபேசி வேண்டும். தவறிய அழைப்புக்குத் திருப்பி அழைக்கும் வழக்கம் வேண்டும். ‘தொலைபேசியால் எட்டமுடியாதவர்கள்’ என்ற ஒரு பட்டியல் வேண்டும். அதில் படுக்கையில் இருப்பவர், காது கேளாதவர், தனித்து வாழும் முதியவர், ஊசி மருந்து எடுப்பவர், கைபேசி இல்லாதவர் ஆகியோர் இருக்கவேண்டும். நாடு முடங்கும் முதல் வாரத்திலேயே அந்தப் பட்டியலோடு ஒருவர் வீடுகளுக்குப் போகவேண்டும். அந்தப் பட்டியல் சுகாதாரப் பணிமனையின் கையில் மட்டும் இருக்கவேண்டும், சீருடைக்காரரின் கைக்குப் போகக்கூடாது. அந்த உறுதி இல்லாவிட்டால் எவரும் தன் பெயரைக் கொடுக்கமாட்டார்.

அழைத்தவரின் கணக்கு எங்கும் பதிவாகிறது. அழைக்காதவரின் கணக்கு எங்கும் பதிவாவதில்லை. அதனால், ‘இத்தனை பேர் தொலைபேசியில் பயன்பெற்றனர்’ என்று அறிக்கை எழுதும் அதிகாரியிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: வழமையாகக் கிளினிக்குக்கு வருபவர்களில் இம்முறை வரவும் இல்லை, அழைக்கவும் இல்லை என்போர் எத்தனை பேர், அவர்களின் வீட்டுக்கு யார் போனார்கள்? கிளினிக் பதிவேட்டில் அவர்களின் பெயர்கள் இருக்கின்றன. தேடிப் போவதற்கு அது போதும்.